வாரத்துக்கு ஒன்பது நாள்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நெருப்பெரிச்சல் பகுதியில் நீ நடத்தும் வகுப்புக்குச் சுண்டல் வாளியோடு வந்தேன். லைன் வீடுகளுக்கு நடுவே, துணி காயப்போடும் இடத்தில் பாயை விரித்துப் பதினைந்து இருபது பிள்ளைகளை உட்கார வைத்திருந்தாய். பீகார், ஒடிசா, தேனிப் பக்கம் என்று எல்லா ஊர்ப் பிள்ளைகளும் கலந்திருந்தார்கள். நடுவில் ஒரு எவர்சில்வர் தட்டு நிறையச் சில்லறை. எட்டு ரூபாய் எடுத்து வைக்கச் சொன்னாய். ஒரு பிள்ளை ஐந்தும் இரண்டும் ஒன்றும் எடுத்து வைத்தது. இன்னொரு பிள்ளை நான்கு இரண்டு ரூபாய்க் காசுகளை வைத்துவிட்டு, தன்னுடையதுதான் சரி என்று பக்கத்துப் பிள்ளையின் முடியைப் பிடித்தது. இரண்டும் சரிதான் என்று நீ சொன்னபோது இரண்டு பேருக்குமே ஏமாற்றம். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்போதுதான் பிள்ளையைக் கூட்டி வந்த ஒரு பெண் என்னைக் காட்டி உன்னிடம் கேட்டாள்: "சார், உங்களுக்கும் சின்னதில இப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்களா? உங்க அம்மாவா?" நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. சிரித்துக்கொண்டே சொன்னாய்: "இல்லீங்க. பக்கத்து ரூம்ல ஒரு அக்கா இருந்தாங்க. சஸ்மிதான்னு பேரு, ஒடிசாக்காரங்க. அவங்கதான் எனக்குக் காசு எண்ணக் கத்துக் குடுத்தாங்க."

திரும்பும்போது வண்டியில் கேட்டாய்: "அம்மா, சஸ்மி அக்கா ஊரு பேரு ஞாபகம் இருக்குதா? கல்யாணப் பத்திரிகை அனுப்பலாம்னு இருக்கேன்." நான் சொன்னேன்: "பதினேழு வருசமாச்சு. யாருக்குடா அதெல்லாம் ஞாபகம் இருக்குது?" அது பொய். அவள் கைப்பட எழுதிக் கொடுத்த அட்டையே என்னிடம் இருக்கிறது. ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறேன். மாதாமாதம் அரிசி வாங்கப் போகும்போது அது என்னோடு கடைக்கு வந்து போகிறது.

இதை உன்னிடம் மட்டும் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் பதினேழு வருடத்துக்கு முன்னால், இதற்கெல்லாம் மூலமான பொய்யை நான் சொன்னது ஒரு ஆபீஸ் வாசலில், பதினெட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது. பொய்யை ஊர் அறியச் சொல்லிவிட்டு, உண்மையை மட்டும் மகன் காதில் ரகசியமாகச் சொன்னால் அதுவும் இன்னொரு பித்தலாட்டம். அதனால் இதை நீ படித்த பிறகு உன் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கும் வாசித்துக் காட்டு. இந்தி தெரிந்த பிள்ளை யாராவது மற்றவர்களுக்கு மாற்றிச் சொல்லட்டும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்குப் பொறாமை. வேறு நல்ல பெயர் எதையும் அதற்கு வைக்க நான் தயாராக இல்லை. கவலை, பாசம், உரிமை என்று அம்மாக்கள் அதற்கு எத்தனையோ சட்டை தைத்துப் போட்டுவிடுகிறோம். பனியன் கம்பெனியில் இருபத்தைந்து வருடம் பிசிறு வெட்டியவள் நான். உள்ளே கிழிசலை வைத்து மேலே மடித்துக் கட்டிய பீஸை எடுத்தவுடனே கண்டுபிடித்துவிடுவேன். என்னுடையது பொறாமைதான். அவளுடைய படிப்பின் மேல் பொறாமை, அவளுடைய சாயங்காலத்தின் மேல் பொறாமை. ஒரே வாரத்தில் நீ அவள் பேரைச் சொல்லிக்கொண்டு எழுந்திருக்கத் தொடங்கியதன் மேல் பொறாமை. ஞாயிற்றுக்கிழமை அந்தச் சுண்டலை எல்லாப் பிள்ளைகளுக்கும் நான் அள்ளிப் போட்டேன், நீ பார்த்திருப்பாய். கடைசியாக உன் தட்டில் போடும்போது வேண்டுமென்றே குறைத்துப் போட்டேன். இருபத்து நான்கு வயது மகனுக்கு, அடுத்த மாதம் கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு. என் லட்சணம் இதுதான்.

உனக்கு ஏழு வயதில் நாம் இருந்த அந்த லைன் வீடு உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று தெரியவில்லை. ஒரே அறை, முன்னால் கொஞ்சம் சமையல் இடம், எட்டு வீட்டுக்கு இரண்டு கக்கூஸ். உன் அப்பா தூத்துக்குடிக்கு கன்டெய்னர் ஓட்டிக்கொண்டிருந்தார். மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான். கொமரலிங்கத்தில் எங்கள் வீட்டில் ஆற்றுத் தண்ணீரும் நெல்லும் இருந்தன, ஆனால் அதெல்லாம் என் அண்ணன்களுக்கு. எனக்கு எட்டாம் வகுப்போடு நிறுத்தம், பதினெட்டு முடிந்ததும் கல்யாணம், பிறகு இந்த ஊர். செக்கிங்கில் நாள் முழுக்க நின்றபடி வேலை. காலை எட்டரைக்குப் போனால் ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட் முடியும். ஒன்பது மணி வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட். ஐந்தரைக்கே கிளம்புகிறவளை யாரும் போகாதே என்று சொல்லமாட்டார்கள். அடுத்த வாரம் அவளுக்கு வேலை இருக்காது, அவ்வளவுதான். வாடகை கட்ட ஒரு ஷிப்ட் சம்பளம் போதாது என்று கணக்குப் பார்த்துத்தான் எங்களுக்குச் சம்பளமே போட்டார்கள்.

உன்னோடு எனக்கிருந்த நேரம் ஒன்பதிலிருந்து ஒன்பதரை. அந்த அரை மணி நேரத்துக்கு என்று நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். கட்டிங் டேபிளிலிருந்து, துணியில் குறி போடும் உடைந்த சாக்பீஸ் துண்டு ஒன்று கொண்டுவந்து உன்னிடம் கொடுத்திருந்தேன். நான் வந்ததும், பீரோவுக்குப் பக்கத்தில் கால் படாத மூலையில், சிமென்ட் தரையில் நீ கோடு போடுவாய். ஒரு ஷிப்டுக்கு ஒரு நீளக் கோடு, அரை ஷிப்டுக்கு ஒரு குட்டைக் கோடு. சனிக்கிழமை சம்பளக் கவரோடு வந்த பிறகு எல்லாக் கோட்டையும் எண்ணுவோம். இரண்டு குட்டை சேர்ந்தால் ஒரு நீளம் என்று நான்தான் உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஆறு நீளம், ஆறு குட்டை, மொத்தம் ஒன்பது. "ஒம்பது!" என்று நீ கத்துவாய். கவரிலிருந்து ஒரு பத்து ரூபாயை எடுத்து உன் கையில் வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஈரத்துணியால் கோடுகளை அழித்துவிடுவோம், திங்கட்கிழமை மறுபடியும் ஒன்று. நான் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று எனக்கு அவ்வளவு திமிர்.

பிறகு ஒரு நாள் உன் இரண்டாம் வகுப்பு மிஸ் என்னை வரச்சொல்லி எழுதி அனுப்பினார். அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போனேன். என் எதிரிலேயே உன்னைக் கேட்டார்: "வாரத்துக்கு எத்தனை நாள், சொல்லு?" நீ கையைக் கட்டிக்கொண்டு சத்தமாகச் சொன்னாய்: "ஒம்பதுங்க மிஸ்." "எத்தனை?" "ஒம்பதுங்க மிஸ். ஞாயித்துக்கெழம கம்பெனி வெச்சா பத்துங்க மிஸ்." பக்கத்து வகுப்பு மிஸ்ஸும் எட்டிப் பார்த்துச் சிரித்தார். உன் மிஸ் என்னிடம், "ஊட்டுல யாராச்சும் படிச்சவங்க இருந்தா கொஞ்சம் பாத்துக்கச் சொல்லுங்க" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். உன் பதிலில் என்ன தப்பு என்று அந்த மிஸ்ஸைக் கேட்கும் புத்தி அன்றைக்கு எனக்கு வரவில்லை. இப்போது கேட்பேன். ஏழு நாளுக்குள் ஒன்பது நாளை அடைத்து வேலை வாங்குகிற ஊரில், அதைச் சரியாகச் சொன்னவன் ஒரு இரண்டாம் வகுப்புப் பையன். நீ உன் வகுப்பில் ஒன்றை மட்டும் மறக்காதே. ஒரு பிள்ளை தப்பாகச் சொன்னால், சிரிப்பதற்கு முன்னால் அது எங்கே எண்ணக் கற்றது என்று கேள்.

படித்தவர் எங்கள் வீட்டில் யாருமில்லை. பக்கத்து அறையில் இருந்தாள். சஸ்மிதா பிளஸ் டூ முடித்தவள், வயது இருபது. எனக்கு அப்போது இருபத்தாறு. எங்கள் கம்பெனியிலேயே டெய்லர். நான்கு ஒடிசாப் பெண்கள் சேர்ந்து அந்த அறையை எடுத்திருந்தார்கள். ஐந்தரைக்கு மேல் ஊசியைப் பார்த்தால் கண் எரிகிறது என்று அரை ஷிப்டை வேண்டாமென்று சொல்லிவிடுவாள். டெய்லருக்கு எப்போதும் தட்டுப்பாடு, அவளை அனுப்பமாட்டார்கள். வாடகையை நான்கு பேர் பங்கு போட்டார்கள், அவளால் சொல்ல முடிந்தது. எனக்கும்தான் கண் எரிந்தது. ஆறு மணிக்கு அவள் தலை வாரிப் பவுடர் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள் என்று டேபிளில் நின்றபடி நினைப்பேன். என் பிள்ளை அவள் மடியில் இருப்பான். அந்த மூன்றரை மணி நேரத்தை நான் கம்பெனிக்கு விற்றேன். அவள் இனாமாக எடுத்துக்கொண்டாள் என்று அப்போது எனக்குத் தோன்றியது. விற்கச் சொன்னவன் மேல் வரவேண்டிய கோபம், பக்கத்து அறைக்காரி மேல் வந்தது. கைக்கு எட்டுகிற தூரத்தில் அவள்தானே இருந்தாள்.

நீ ஒரு வாரத்தில் திருந்தினாய். நான் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "அம்மா, வாரத்துக்கு ஏழு நாளுதான். நீ தப்பாச் சொல்லிக் குடுத்துட்டே. சஸ்மி அக்கா சொன்னா" என்றாய். அடுத்த நாள் உள்ளங்கையில் இரண்டு காசை வைத்துக்கொண்டு வந்தாய். "பாரும்மா, ஒரு ரூவாயில கட்டவெரலு. ரெண்டு ரூவாயில ரெண்டு வெரலு!" அப்போது வந்த புதுக் காசுகளில் அப்படித்தான் இருந்தது. ஒன்றில் ஒரு கட்டைவிரல் நிமிர்ந்திருக்கும், இன்னொன்றில் இரண்டு விரல் நீட்டியிருக்கும். எத்தனை ஆயிரம் தடவை அந்தக் காசுகள் என் கையில் வந்து போயிருக்கும்? ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை. செலவாகப் போகும் காசை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? அவள் பார்த்திருக்கிறாள். உன் கண்ணைக் கட்டிவிட்டு, காசைத் தடவிப் பார்த்தே எத்தனை ரூபாய் என்று சொல்ல வைத்தாள். கம்பெனியில் கழித்துப்போட்ட விலை அட்டைகள், நம் ஊர் பனியனுக்கு வெளிநாட்டில் தொங்கவிடும் அட்டைகள், அவற்றின் பின்பக்கம் நூறு, ஐம்பது, இருபது, பத்து என்று எழுதி உனக்கு நோட்டுக்கட்டு செய்து கொடுத்தாள். பெரிய நோட்டை முதலில் எண்ணு, சில்லறைக்குக் கடைசியில் வா என்றாள். பிறகு நிஜமான ஐம்பது ரூபாயை உன் கையில் கொடுத்து முக்குக் கடைக்குத் தக்காளி வாங்க அனுப்பினாள். நான் ஐம்பது ரூபாயை உன் கையில் கொடுத்ததே இல்லை. தொலைந்தால் எனக்கு அரை நாள் போய்விடும். தொலைத்துவிடுவான் என்று நான் நினைத்தேன், தொலைத்தால் கற்றுக்கொள்வான் என்று அவள் நினைத்தாள். அதற்காகவும் அவளைப் பிடிக்கவில்லை.

நீ அவளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தாய். அவள் "அக்கா, பையா நல்லா கூட்டுது" என்பாள். நீ டீச்சர் மாதிரி, "கூட்டுது இல்லக்கா, கூட்டறான்" என்பாய். அவள் உன்னைக் கும்பிட்டு, "கூட்டறான் சார்" என்பாள். இரண்டு பேரும் சிரிப்பீர்கள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் வேண்டுமென்றே ஒரு தட்டைக் கீழே போட்டேன். சிரிப்பு நின்றது. எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

இனி அந்தச் சனிக்கிழமை. அன்றைக்கும் ஒன்பது மணிக்குத்தான் வந்தேன். கரண்ட் இல்லை. அவள் மெழுகுவர்த்தி ஏற்றி உனக்குச் சோறு போட்டிருந்தாள். நீ தூங்காமல் உட்கார்ந்திருந்து, அந்த வெளிச்சத்தில் நீளக் கோட்டையும் குட்டைக் கோட்டையும் போட்டாய். மறுநாள் மத்தியானம் கவரைக் கேட்டாய். கவரில் பெயரும் தொகையும் மட்டும்தான் எழுதியிருக்கும், எத்தனை ஷிப்ட் என்று இருக்காது. இருந்தது ஆயிரத்து இருபது. நீ சஸ்மிதாவைக் கூப்பிட்டாய். என் ஷிப்டுக்கு நூற்றிருபது, அரைக்கு அறுபது என்று உனக்குத் தெரியும். அவள் உன் அட்டை நோட்டை ஆயிரத்து இருபதுக்கு எண்ணிக் கொடுத்தாள். நீ ஒவ்வொரு நீளக் கோட்டுக்குக் கீழும் ஒரு நூறும் ஒரு இருபதும் வைத்தாய். ஒவ்வொரு குட்டைக் கோட்டுக்குக் கீழும் ஒரு ஐம்பதும் ஒரு பத்தும் வைத்தாய். முட்டி போட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, திங்கட்கிழமையிலிருந்து வரிசையாக. சனிக்கிழமைக் குட்டைக் கோட்டுக்கு வந்தபோது உன் கையில் ஒன்றுமில்லை. "அம்மா, இந்தக் கோட்டுக்குக் காசே இல்லம்மா" என்றாய்.

சனிக்கிழமை அரை ஷிப்டை எங்களில் யாருக்குமே போடவில்லை. சம்பளம் போட உட்கார்ந்த பிறகு நடக்கும் வேலை என்று கணக்கில் விட்டுவிட்டார்கள், அடுத்த வாரத்திலும் சேர்க்கவில்லை. முன்பணம் பிடிப்பார்கள், டீக்குப் பிடிப்பார்கள், அதனால் கவர் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். நாங்கள் ரூபாயை மட்டும் எண்ணுவோம், வந்ததா என்று பார்ப்போம், வரவேண்டியது வந்ததா என்று பார்க்கமாட்டோம். அந்த வாரம் எனக்கு ஒரு பிடித்தமும் இல்லாததால் பள்ளம் தெரிந்துவிட்டது. சஸ்மிதா சொன்னாள்: "அக்கா, அறுபது கம்மி. எத்தனை வாரமா இப்படி? பையா சரியா போட்டிருக்கு. நீ கேளு அக்கா." நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் கண்ணில் அப்போது இருந்தது என்ன தெரியுமா? அம்மாவுக்கு எண்ணத் தெரியவில்லை என்பது. அவளுக்குத் தெரிகிறது என்பது. "எனக்கு எண்ணத் தெரியும். நீ உன்ற சோலியப் பாத்துட்டுப் போ" என்றேன்.

அவள் போகவில்லை. திங்கட்கிழமை டீ நேரத்தில் ஆபீஸ் வாசலில் நின்று மேனேஜரிடம் எனக்காகக் கேட்டுவிட்டாள். அவள் அரை ஷிப்ட் செய்கிறவளே இல்லை, அவள் கவரில் ஒரு பைசா குறையவில்லை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். செக்கிங் பெண்கள் பதினெட்டுப் பேரும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுப் பின்னாலேயே வந்து நின்றார்கள். மேனேஜர் அதட்டவெல்லாம் இல்லை. இந்தப் பக்கத்துக்காரர் அல்லவா, மரியாதை வழிந்தது. "ஏனுங்கக்கா, உங்க கவர்ல அறுவது ரூவா கம்மீங்களாமா? இந்தப் புள்ள சொல்லுதுங்க." சஸ்மிதா குறுக்கே சொன்னாள்: "ஆமா சார். அக்கா பையன் கூட்டினான். தரையில கோடு இருக்கு." மேனேஜர் சிரித்தார். "அட, ரெண்டாங்கிளாஸ் படிக்கற பையன் நம்ம கணக்க ஆடிட் பண்றானுங்களா! நீங்க சொல்லுங்கக்கா. கம்மியா, சரியா?"

பின்னால் பதினெட்டுப் பேர் காத்திருந்தார்கள். நான் கம்மி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்களும் சொல்லியிருப்பார்கள் என்று இன்றைக்கும் நம்புகிறேன். நான் சஸ்மிதாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், நீ சோற்றை மறுக்கும்போது உனக்கு அசைப்பாளே, அதே மாதிரி. சொல்லு, சொல்லு என்று. எனக்கும் அவள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? சாயங்காலம் நீ அவளைக் கட்டிக்கொண்டு, 'சஸ்மி அக்காதான் அம்மாவுக்குக் காசு வாங்கிக் குடுத்தா' என்று லைன் முழுக்கச் சொல்லப்போவது என் காதில் கேட்டது. "இல்லீங்க சார். சரியாத்தானுங்க இருக்குது. பையன் ஏதோ தெரியாமப் போட்டுட்டானுங்க" என்றேன். மேனேஜர் மறுபடியும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அன்று சாயங்காலமே அவளுக்குச் செட்டில்மென்ட் கொடுத்து வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். நான் வீட்டுக்கு வந்தபோது நீ கோடுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். அந்த ஞாயிற்றுக்கிழமை அவற்றை அழிக்க நீ விடவில்லை. "அறுவது ரூவா குடுத்துட்டாங்களாம்மா?" என்றாய். இதற்குப் பிறகு எழுதுவதுதான் எனக்கு மிகவும் கஷ்டம். "குடுக்கறதுக்கு என்ன இருக்குது? நீதான் தப்பாப் போட்டுட்டே. சனிக்கெழம நான் அஞ்சரைக்கே வந்துட்டனே" என்றேன். நீ சொன்னாய்: "இல்லம்மா, நீ வரல. கரண்டு போச்சு. சஸ்மி அக்கா மெழுகுவத்தி வெச்சா." "அது வெள்ளிக்கெழம." "இல்லம்மா..." "வெள்ளிக்கெழமடா. எனக்குத் தெரியாதா?" ஈரத்துணியை எடுத்து அந்தக் கடைசிக் குட்டைக் கோட்டை அழித்தேன். நீ தரையைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். "ஆமாம்மா. வெள்ளிக்கெழமதான்" என்றாய். ஏழு வயதுப் பிள்ளை எனக்காகத் தன் ஞாபகத்தை விட்டுக்கொடுத்தது. எனக்காக மூன்றரை மணி நேரம் காத்திருந்தவனிடம், நீ காத்திருக்கவே இல்லை என்று சொன்னேன்.

புதன்கிழமை நீ பள்ளிக்கூடம் போன பிறகு, நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அவள் பெட்டியோடு வந்தாள். ஊருக்குப் போகிறாளாம். ஒரு விலை அட்டையின் பின்பக்கத்தில் ஊர்ப் பெயரையும் அவள் அண்ணனின் செல் நம்பரையும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். "பையா கேட்டா குடு அக்கா" என்றாள். படியிறங்கிப் போய்விட்டுத் திரும்பி வந்து, "அக்கா, நீ பயந்தே. எனக்குத் தெரியும். பரவால்ல" என்றாள். பயம் என்று நினைத்துக்கொண்டு எனக்கு மன்னிப்பை வைத்துவிட்டுப் போனாள். பயந்திருந்தால் அந்த மன்னிப்பு எனக்குச் சேரும். வேலை போய்விடும் என்று அந்த நிமிடத்தில் நான் நினைக்கவே இல்லை கண்ணு. அவள் தோற்க வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். ராத்திரி நீ கேட்டபோது, சொல்லாமல் போய்விட்டாள் என்றேன்.

அடுத்த சனிக்கிழமை கவரில் அறுபது ரூபாய் சேர்ந்திருந்தது. எல்லோருக்கும். அவரவர் எண்ணி இடுப்பில் செருகிக்கொண்டோம். கேட்டவளை அனுப்பிவிட்டு, கேட்டதைக் கொடுத்துவிட்டார்கள். கம்பெனிக்குத் தெரியும், கேட்கிறவள் இருப்பதைவிட அறுபது ரூபாய் மலிவு என்று. அந்தக் கவரை நீ எண்ணவில்லை. கோடு போடுவதை நீ நிறுத்தியிருந்தாய். சாக்பீஸ் துண்டைக் கொண்டுபோய் ஜன்னலில் வைத்திருந்தாய், நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எதையும் மூன்று தடவை எண்ணும் பழக்கம் உனக்கு வந்தது. மீதிச் சில்லறையை மூன்று தடவை. புத்தகப் பக்கத்தை மூன்று தடவை. பிளஸ் டூ கணக்குப் பரீட்சையில் நீ எழுதியவரை எல்லாம் சரி, ஆனால் கால்வாசி எழுதவே இல்லை. போட்டதையே திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தாய். பையன் மந்தம் என்றார் உன் அப்பா. கவனம் அதிகம் என்றேன் நான். இன்ஜினீயரிங் போகவில்லை, ஒரு ஏற்றுமதி ஆபீஸில் கணக்கெழுதப் போனாய், அங்கேயும் கடைசியாக வீட்டுக்குக் கிளம்புகிறவன் நீதான். அவிநாசியில் பெண் பார்க்கப் போனபோது, பூக்காரியிடம் நீ மீதி வாங்கியதை உன் வருங்கால மனைவி பார்த்துவிட்டாள். பேங்க்கில் காசாளர், அவள் கண்ணுக்குத் தப்புமா? "அத்தை, உங்க பையன் முப்பது ரூவாய மூணு தடவ எண்றாருங்க. எங்க பேங்க்ல இருந்தா ராத்திரி வரைக்கும் கூட்டம் நிக்கும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த ஆபீஸ் வாசலில் சிரித்த அதே சிரிப்பு.

அவள் மேலும் எனக்குப் பொறாமைதான், சொல்லிவிடுகிறேன். நோட்டுக்கட்டை விசிறி மாதிரி விரித்து ஒரே தடவையில் எண்ணி முடிக்கும் அந்தக் கையைப் பார்த்தேன். அது உன் தோளில் கிடக்கப்போகிறது. கல்யாணத்தன்று என் முகம் ஒரு மாதிரி இருந்தால் காரணம் தேடாதே. உனக்கும் இது வரும். நாளைக்கு உன் பிள்ளை உன்னைவிட்டு அவளிடமோ, வேறு யாரிடமோ எதையாவது கற்றுக்கொண்டு ஓடிவரும். வயிறு எரியும். எரியட்டும். 'எனக்குப் பொறாமையா இருக்குது' என்று வாயைத் திறந்து சொல்லிவிடு. சொல்லிவிட்டால் அது வெறும் எரிச்சல். சொல்லாமல் வைத்தால் அது ஒருநாள் கையில் ஈரத்துணியை எடுக்கும்.

அந்த அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். நம்பருக்கு நேற்று கூப்பிட்டுப் பார்த்தேன், உபயோகத்தில் இல்லை என்றது. ஊர்ப் பெயர் தெளிவாக இருக்கிறது. உன் வகுப்பில் ஒடிசாப் பிள்ளைகள் நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்கள் அம்மாக்களிடம் காட்டு, அந்தப் பக்கத்து ஆள் யாராவது இருப்பார்கள். கண்டுபிடித்தால் பத்திரிகையோடு இந்தக் கடிதத்தையும் யாரையாவது கொண்டு அவள் மொழியில் எழுதி அனுப்பு. பயம் இல்லை என்று நான் எழுதியிருக்கும் இடத்தை விட்டுவிடாதே. அவள் வந்தால் முன்வரிசையில் உட்கார வை. நான் பொறாமையோடுதான் பார்த்துக்கொண்டிருப்பேன், ஆனால் இந்தத் தடவை எழுந்து போய் நாற்காலி போடுவது நானாக இருப்பேன்.

இனி நீ எதையும் மூன்று தடவை எண்ண வேண்டாம். அந்தச் சனிக்கிழமை நான் ஒன்பது மணிக்குத்தான் வந்தேன். கரண்ட் இல்லை, மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது, நீ தூங்காமல் உட்கார்ந்திருந்தாய். ஒன்பது ஷிப்ட், ஷிப்டுக்கு நூற்றிருபது, ஆயிரத்து எண்பது. கவரில் ஆயிரத்து இருபது. அறுபது குறைந்தது. நீ சரியாகத்தான் கூட்டினாய். கீழே ஒரு குட்டைக் கோடு போட்டிருக்கிறேன். அது உன்னுடையது.

|